திட்டு விழாத காலை

“இந்த வீட்டுல என்னை யாரு பேச விடறாங்க?”

சித்தி இதைக் கேட்காத நாள் கிடையாது. கேட்கும்போது வேறொரு பேச்சு பாதியில் நிற்கும். அதை முடித்துவிட்டு இதைக் கேட்பாள். யாராவது பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மூன்றாவது பேச்சு கிளம்பியிருக்கும். ஒருமுறை சித்தப்பா, “நான் ஒண்ணும் சொல்லலையேம்மா,” என்றார். சித்தி உடனே என் அம்மா பக்கம் திரும்பி, “பாத்தியாக்கா? வாயைத் திறந்தாலே குறுக்க வந்துடறாரு,” என்றாள்.

சித்தப்பா தையல்காரர். வீட்டின் முன்னறையில் மிஷின். காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். சித்தி உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சோற்றைக்கூடத் தட்டோடு ஏந்திக்கொண்டு ஜன்னல், வாசல், துணிக்கொடி என்று மூன்று இடத்தில் சாப்பிடுவாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் பக்கத்து வீட்டுச் சண்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். அவளைப் போலப் பேசிக் காட்டச் சொல்லி வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூச்சு விடுவதை மறந்தால் போதும், சித்தி வந்துவிடுவாள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் காலை வேளையில் தெருக்கடைகளுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு காட்டுவது அவள் தொழில். அதற்கு முன்னால் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். அங்கே தங்குகிறவர்கள், “இங்க காலையில எங்கம்மா நல்லா கிடைக்கும்?” என்று கேட்பார்கள். வழி சொல்ல வேண்டுமானால் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். அது சித்தியால் ஆகாது. “வாங்க, காட்டறேன்,” என்று துடைப்பத்தோடு முன்னால் நடந்துவிடுவாள். லாட்ஜ் மேனேஜர் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், “ஒண்ணு துடைப்பத்தைப் பிடி, இல்ல ஆளைப் பிடி,” என்றார். சித்தி துடைப்பத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அவள் கூட்டிப்போகிற தெருவில் இரண்டு பக்கமும் துணிக் கிடங்குகள். விடியும்போது ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருக்கும். அவற்றின் வாசலில் தள்ளுவண்டிகளும் அடுப்புகளும் வந்து நிற்கும். கிடங்குகள் திறக்கிற நேரத்தில் வண்டி, அடுப்பு, பெஞ்சு, எண்ணெய்க் கறை எதுவும் இருக்கக் கூடாது. முதல் ஷட்டர் கடகடவென்று ஏறுகிற சத்தம் கேட்டால் தெரு கலைய ஆரம்பித்துவிடும். அதற்குள் ஒரு கூட்டத்தை இந்த முனையில் நுழைத்து, அந்த முனையில் வயிறு நிறைய வெளியே எடுக்க வேண்டும்.

சித்திக்கு இது பிடித்த அவசரம். ஆட்கள் டீக்கிளாஸை வாங்கும்போது அவள் முட்டைக்கடையில் இருப்பாள். அவர்கள் முட்டைக்கு வரும்போது ரொட்டிக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருப்பாள். எல்லாம் சுடச்சுடக் கையில் விழும். அவளோடு அந்தத் தெருவில் நடந்தவர்கள் என்று யாரும் கிடையாது. அவளுக்குப் பின்னால் நடந்தவர்கள்தான் உண்டு. “கொஞ்சம் உக்காரலாமா?” என்று யாராவது கேட்டால், “உக்காந்தா ஆறிடும்,” என்பாள். ரொட்டி ஆறிவிடுமா, அவள் ஆறிவிடுவாளா என்று யாரும் கேட்டதில்லை.

தெருவில் அவளுக்குப் பெயர் அலாரம்.

காரணம் இருக்கிறது. முனையில் நுழையும்போதே அவள் திட்ட ஆரம்பிப்பாள். “என்னப்பா, உங்க மாடு இன்னும் எழுந்திருக்கலையா?” என்றால் டீக்கடைக்காரர் பாலை அடுப்பில் ஏற்றுவார். “ஏம்மா, முட்டையை விக்க வந்தியா, அடைகாக்க வந்தியா?” என்றால் முட்டைக்காரம்மா சட்டியில் எண்ணெய் விடுவாள். “ரொட்டியண்ணே, கல்லு சூடா இருக்கா, நீங்க மட்டும்தான் சூடா இருக்கீங்களா?” என்றால் ரொட்டிக்காரர் மாவைத் தட்டத் தொடங்குவார். எந்தத் திட்டு எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதை வைத்தே ஆட்கள் எப்போது வந்து நிற்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கூட வருகிறவர்கள் இதை வேடிக்கை என்று நினைத்துச் சிரிப்பார்கள். தெருவுக்கு இது வேடிக்கை இல்லை. சித்தி திட்டினால் அந்தக் கடை அவள் கூட்டத்தில் இருக்கிறது என்று பொருள். திட்டாவிட்டால் இல்லை. ஒரு மழைக்காலத்தில், மீன் வறுக்கிறவர் முந்தின நாள் மீனை எடுத்துப் பரிமாறிவிட்டார். சித்தி அவரைத் திட்டவில்லை. மறுநாளும் திட்டவில்லை. அவர் வண்டிக்கு முன்னால் வரும்போது வாய் மூடிக்கொள்ளும், தாண்டியதும் திறந்துகொள்ளும். மீன்காரர் சில நாள் தாங்கினார். பிறகு வண்டியை வேறு தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். “நாலு வார்த்தை கேட்டிருந்தா நின்னிருப்பேன்யா. ஒரு வார்த்தை கேக்கலையே,” என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனாராம். அதிலிருந்து, காலையில் திட்டு விழவில்லை என்றால் கடைக்காரர்கள் முந்தின நாள் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சித்திக்கு ஒரு போட்டியும் வந்திருந்தான். இளம் பிள்ளை. சட்டைக் காலரில் ஒரு மைக், இடுப்பில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அவன் குரலை உயர்த்தவே மாட்டான், இடுப்புதான் உயர்த்தும். தெருவில் அவனுக்குப் பெயர் மைக். “தொண்டையில தெம்பு இல்லாதவன் எல்லாம் இடுப்பால பேசறான்,” என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டிருந்தபோதே அவள் தொண்டை கட்டிக்கொண்டது.

முதலில் கரகரப்பு. பிறகு பேச்சு நடுவில் காற்றாகப் போனது. தொண்டை டாக்டர் மெல்லிய குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, “குரல் நாண்ல வீக்கம் இருக்கு. பேச்சை அடியோட நிறுத்தினா தானா அமுங்கும். நிறுத்தலைன்னா ஆபரேஷன். அதுக்கப்புறம் இதே குரல் வரும்னு என்னால சொல்ல முடியாது,” என்றார்.

இது வரைக்கும் சித்தி கேட்டாள். அதற்கு மேல் அந்த நாற்காலி அவளைத் தாங்கவில்லை. வெளியே டோக்கன் கொடுக்கிற பெண் ஆட்களை வரிசை மாற்றி உள்ளே அனுப்புகிறாள் என்பது அவளுக்கு நெடுநேரமாக உறுத்திக்கொண்டிருந்தது. எழுந்து போய்விட்டாள். எத்தனை நாள் பேசக் கூடாது, என்ன சாப்பிடலாம் என்பதையெல்லாம் சித்தப்பாதான் கேட்டுக்கொண்டு வந்தார்.

“மூணு வாரம்,” என்றார் வெளியே வந்து. “கிசுகிசுன்னுகூட பேசக் கூடாதாம். வாராவாரம் வந்து காட்டணும்.”

சித்தி வாயைத் திறந்தாள்.

“ம்ஹூம்,” என்றார் சித்தப்பா.

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் பேச்சை அவர் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் இரண்டு பேருமே திகைத்துப்போய் வந்தார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி அளவுச் சாக்கட்டியை எடுத்து, வெட்டும் மேஜையில் பெரிதாக எழுதினாள்: யாருக்கும் தெரியக் கூடாது. அது சித்தப்பாவுக்கும் புரிந்தது. குரல் போனால் தெரு போயிற்று. குரல் போகப்போகிறது என்று தெரிந்தாலே பாதித் தெரு போயிற்று, மைக் மறுநாளே முனையில் நிற்பான். ஆகவே, அலாரம் அக்கா ஊரில் இல்லை என்று தெருவுக்குச் சொல்லப்பட்டது.

பேச்சு இல்லாத சித்தியைச் சமாளிப்பது பேசுகிற சித்தியைச் சமாளிப்பதைவிடப் பெரும்பாடாக இருந்தது. அவள் கையில் ஒரு கரண்டி வந்து சேர்ந்தது. தட்டில் ஒரு தட்டு என்றால் இங்கே வாருங்கள். இரண்டு என்றால் ஏன் இன்னும் வரவில்லை. விடாமல் அடித்தால் இதைக் கரண்டியால் சொல்ல முடியாது என்று அர்த்தம். நாளெல்லாம் விடாமல்தான் அடித்தாள். பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாக, “உங்க பேச்சே தேவலைங்க,” என்றாள். மாடிக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து சித்தி ஒரு ஜோடிச் செருப்பைத் தேய்த்தாள்.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. சித்தப்பா பேச ஆரம்பித்தார். முதலில் மிஷினிடம். பிறகு துணி கொடுக்க வந்தவர்களிடம். ஒருநாள் என் அம்மா போனபோது, ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குக் கோட்டு தைத்துக் கொடுத்த கதையை ஆரம்பம், நடு, முடிவு எல்லாவற்றோடும் சொல்லியிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து, “உங்க சித்தப்பாவுக்குக் கதை சொல்ல வருதுடா. எனக்கு இத்தனை நாளா தெரியாது,” என்றாள்.

வாரம் முடிந்ததும் டாக்டரிடம் காட்டப் போனார்கள். குழாய் தொண்டையை விட்டு வெளியே வந்ததும் சித்தியும் அறையை விட்டு வெளியே வந்துவிட்டாள். டோக்கன் பெண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது. சித்தப்பா பின்னால் மெதுவாக வந்து, “இன்னும் ரெண்டு வாரம்,” என்றார்.

இரண்டு நாள் கழித்து டிராவல் ஆபீஸிலிருந்து போன். எடுத்தது சித்தப்பா. ஓர் அலுவலகத்துக் கூட்டம், மறுநாள் காலை வருகிறார்கள். “அவங்களால வர முடியாதுன்னா பரவாயில்லைங்க, அந்த மைக் வெச்ச தம்பியை அனுப்பிடறோம்.” பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சித்தி கரண்டியை அடித்த அடியில் போனில் இருந்தவர், “அங்க என்னங்க மணி அடிக்குது?” என்றார்.

“வர்றோம்னு அர்த்தம்,” என்றார் சித்தப்பா.

அவளுக்குக் கால், அவருக்கு வாய் என்று ஏற்பாடு.

அன்றைக்கு நான் கூடப் போகவில்லை. பிறகு எல்லாரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒவ்வொருவரும் தன் பங்கைச் சுருக்கியும் மற்றவர் பங்கை விரித்தும் சொன்னதால், முழுக் கதையும் கிடைத்தது.

தெருமுனையில் அலுவலக ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களில் தொப்பி போட்ட ஒருவர் எதற்கும் கேள்வி கேட்கிற ரகம். சித்தி கரண்டியும் கையுமாக அவர்களைத் தாண்டி விறுவிறுவென்று தெருவுக்குள் நுழைந்தாள். திட்டு இல்லை.

டீக்கடைக்காரர் காலியான அடுப்புக்குப் பக்கத்தில் பால் பாத்திரத்தோடு நின்றிருந்தார். திட்டு வந்தால்தானே ஏற்றுவது. சித்தி அவர் முன்னால் வந்து நின்றாள்.

“வாங்கக்கா. எப்ப ஊருலேர்ந்து வந்தீங்க?”

சித்தி காலி அடுப்பைப் பார்த்தாள்.

“எல்லாரும் சௌக்கியமா?”

சித்தி கரண்டியை நீட்டிப் பாத்திரத்தைக் காட்டினாள். பாலை ஏற்று என்று அர்த்தம். டீக்கடைக்காரருக்கு அந்த அர்த்தம் படவில்லை. அவருக்கு மீன்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது.

“யாருக்கா சொன்னது?” என்றார் தணிந்த குரலில்.

சித்தி புருவத்தை உயர்த்தினாள். எதைச் சொன்னது என்று கேட்கிறாள். அவருக்கோ அது, இன்னும் மறைக்கிறாயா என்று கேட்பதுபோல் இருந்தது.

“எல்லாருக்கும் இல்லக்கா. உங்க கூட்டத்துக்கு மட்டும்தான். வெளியூர்க்காரங்களுக்கு எங்க தெரியப்போவுதுன்னு, ஒருவாட்டி கொதிச்ச தூளையே மறுபடி… ரெண்டே தடவைக்கா.” சித்தி கண்ணை எடுக்கவில்லை. “சரி, நாலு.” அப்போதும் எடுக்கவில்லை. “எண்ணலைக்கா, சத்தியமா எண்ணலை.”

சித்தியின் கரண்டி டீத்தூள் வடிகட்டிப் பையின்மேல் ஒரு போடு போட்டது. அவர் பையை அப்படியே குப்பைத்தொட்டியில் உதறிவிட்டுப் புதுத்தூளைப் பிரித்தார். அவசரத்தில் பாதித் தூள் தரையில்.

சித்தப்பாவைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. அவர் கும்பிட்டார். “நான் ஒரு தையல்காரன்,” என்றார்.

“சாப்பாட்டைப் பத்திச் சொல்லுவீங்கன்னாங்களே,” என்றார் தொப்பிக்காரர்.

“சொல்றேன் சார். டீன்னா வேற ஒண்ணும் இல்ல, சாயம். நல்ல சாயம் முதல் முக்குலயே பிடிச்சுக்கும். அதையே ரெண்டாவது தடவை முக்கினீங்கன்னா வெளுத்துத்தான் வரும். இப்ப உங்களுக்கு வர்றது முதல் முக்கு.”

கூட்டம் சிரித்தது. டீக்கடைக்காரர் சிரிக்கவில்லை. “அண்ணனுக்கும் தெரிஞ்சிருக்கு,” என்று முட்டைக்காரம்மாவிடம் உதட்டசைவில் சொன்னார்.

போதாதா. சித்தி முட்டைக்கடைக்கு வந்து நிற்பதற்கு முன்பே முட்டைக்காரம்மா ஆரம்பித்துவிட்டாள். அவள் பேச்சு எப்போதும் அழுகையின் ஓரமாகவே நடக்கும்.

“நானே சொல்லிடறேன்க்கா. அந்தச் சட்டி மூணு தலைமுறையா எங்க வீட்டுல இருக்குன்னு நீங்க சொல்லி வெச்சீங்க. நானும் சொல்லிட்டுத்தான் இருந்தேன். போன வாரம் ஒருத்தரு வந்தாரு, ரொம்ப நல்ல மாதிரி. என் கண்ணைப் பாத்து, அப்படியாம்மான்னு கேட்டாரு. வாயில பொய் வரலைக்கா. போன வருஷம் பாத்திரக்கடையில வாங்கினதுன்னு சொல்லிட்டேன்.”

போன வாரம். சித்தி இல்லாத வாரம். யார் கூட்டி வந்தது என்று கரண்டியை ஆட்டினாள்.

“மைக்குத் தம்பிதான்க்கா. தினமும் வந்துச்சு. நீங்க ஊருல இல்லையேன்னு…” சித்தி நின்ற நிலையில் முட்டைக்காரம்மாவுக்கு வார்த்தைகள் வழுக்கின. “நானாவது பரவாயில்லக்கா. ரொட்டிக்காரரைப் போய்க் கேளுங்க.”

சித்தி கேட்டது அவ்வளவுதான். ஆட்கள் முட்டைக்கு வருவதற்குள் அவள் பாதித் தெருவைத் தாண்டியிருந்தாள். பின்னால் தொப்பிக்காரர், “இந்தச் சட்டி எத்தனை வருஷப் பழசு?” என்று கேட்டார். முட்டைக்காரம்மா சித்தப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தாள். சித்தப்பா சட்டியைப் பார்த்தார். ஆம்லெட்டை அவள் மடித்த மடிப்பைப் பார்த்தார். காலர் மடிப்புபோல, ஓரம் வெளியே தெரியாமல் உள்ளே போயிருந்தது.

“சட்டி புதுசு சார். கை பழசு.”

அலுவலக ஆட்களில் ஒரு பெண் அதை இரண்டாவது முறை சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொண்டாள். அது ரொட்டிக்கடை வரைக்கும் கேட்டது.

ரொட்டிக்கடைதான் சித்தியின் முதல் கடை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவரை, “இங்க வந்து நில்லுங்கண்ணே,” என்று அந்தத் தெருவுக்குக் கொண்டுவந்தவள் அவள். அவர் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அவர் தலை நிமிரவில்லை. மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் வண்டிக்குப் பின்னால் படுதா போட்டு என்னவோ மூடியிருந்தது.

“வா தங்கச்சி.”

கரண்டிகூட அடிக்கவில்லை.

“கல்லு சூடாத்தான் இருக்கு,” என்றார். பிறகு, “கேளேன். பத்து நாளா காது சும்மா கிடக்கு, ரெண்டு வார்த்தை கேளு.”

சித்தி படுதாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி. தெரிஞ்சுடுச்சு. நானே சொல்லணும்னுதான் இருந்தேன்.” மாவை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். “என்னால முடியலைம்மா. முழங்கால் ரெண்டும் போச்சு. நீ முனையில திட்டினா நான் இங்க தட்டணும், நீ வந்து நின்னா தட்டுல விழணும். எல்லாம் ஓட்டம். மைக்குத் தம்பி நாற்காலி வாங்கிக் குடுத்தான். ஆளுங்க உக்காந்து சாப்பிடட்டும், நீங்களும் ஒரு ஸ்டூல்ல உக்காந்து சுடுங்கன்னான். அடுத்த மாசத்துலேர்ந்து அவன் கூட்டத்துக்கு மட்டும்தான் சுடுவேன்னு வாக்கு குடுத்துட்டேன்.”

சித்தியின் வாய் திறந்தது.

சித்தப்பா தூரத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டார். அவர் ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை. கூட்டத்தை முட்டைக்கடையில் விட்டுவிட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. இந்த ஓர் அண்ணனைக் கேட்கிற கேள்விக்காகக் குரலையே கொடுத்துவிடலாம் என்று அந்த நொடியில் தோன்றியதாகப் பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கொடுத்தபிறகு நாளைக்குக் கேட்பதற்கு எதுவும் இருக்காது என்பதும் தோன்றியிருக்கிறது. வாய் மூடிக்கொண்டது.

ஆனால் கால் சும்மா இருக்குமா. வண்டியைச் சுற்றிக்கொண்டு போனாள். படுதாவை இழுத்தாள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றின்மேல் ஒன்றாக. மேலே இருந்ததை உருவினாள். ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வந்ததை உதறிப் பிரித்தாள். தெரு நடுவில் தொம்மென்று போட்டாள்.

உட்கார்ந்தாள்.

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீ கிளாஸைத் தாண்டிக் காலில் விழுந்தது. “அக்கா உக்காந்துட்டாங்க,” என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். செய்தி மாதிரி அது தெருவின் அடுத்த முனைக்குப் போயிற்று.

சித்தி மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு கரண்டியால் ஒரு தட்டு தட்டினாள். ரொட்டிக்காரர் பதறிப்போய்க் கல்லிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். அவள் பிய்த்துச் சாப்பிட்டாள். இத்தனை வருடங்களில் அந்த ரொட்டியை அவள் முழுதாக ஒன்று சாப்பிட்டதில்லை, நடக்கிற நடையில் பிறர் தட்டிலிருந்து ஓரம் பிய்ப்பதோடு சரி. நடுப்பகுதி வேறு மாதிரி இருந்தது. தட்டை மறுபடி நீட்டினாள்.

அலுவலக ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வழிகாட்டியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர்களும் ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ரொட்டிக்காரரும் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தபடியே தட்டினார், சுட்டார், போட்டார். யாரும் ஓடவில்லை. ஆனாலும் எதுவும் ஆறவில்லை.

“தங்கச்சி,” என்றார் கொஞ்ச நேரம் கழித்து, “நீ உக்காருவேன்னா நான் ஏம்மா அவன்கிட்ட போறேன்? இதை உன்கிட்ட கேக்கணும்னு எத்தனை நாள் வாயெடுத்தேன் தெரியுமா. எடுக்கறதுக்குள்ள நீ அடுத்த முனையில நிப்பே. அந்தத் தம்பிகிட்ட நான் பேசிக்கறேன். நாற்காலி ரெண்டு கூட்டத்துக்கும் பொது. சரியா?”

சித்தி தலையசைத்தாள். தெரு மிஞ்சியது. குரலுக்குத்தான் இன்னும் கெடு இருந்தது.

பிறகு அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து, இமை தட்டாமல், அவரையே பார்த்தாள். உண்மையில் அவள் நினைத்துக்கொண்டிருந்தது, இந்த மனுஷனுக்கு இப்படிக்கூடப் பேச வருமா என்றுதான். சித்தப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? காலையிலிருந்து அந்தப் பார்வைக்கு முன்னால் ஒவ்வொருவராகக் கவிழ்ந்ததை அவர் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

“சரி. நானும் சொல்லிடறேன்,” என்றார்.

சித்தியின் கரண்டி நின்றது.

“டாக்டர் மூணு வாரம்னு சொல்லல. ஒரு வாரம்னுதான் சொன்னாரு. உன்கிட்ட மூணுன்னு சொன்னாத்தான் ஒண்ணாவது வாயை மூடிட்டு இருப்பேன்னு நினைச்சேன். நீ என்னடான்னா நிஜமாவே இருந்துட்டே. அன்னைக்குக் காட்டப் போனோமே, அப்பவே சுத்தமா அமுங்கிடுச்சுன்னுட்டாரு. நாளையிலேர்ந்து மெதுவாப் பேசலாம்னாரு. நீ வெளியில டோக்கன் பொண்ணுகிட்ட கரண்டியை ஆட்டிட்டு இருந்தே. சொல்லத்தான் வந்தேன். வர்ற வழியில ஒருத்தரு என்கிட்ட பஸ் எங்க நிக்கும்னு கேட்டாரு. சொன்னேன். முழுசாச் சொன்னேன், யாரும் குறுக்க வரல. மிச்ச ரெண்டு வாரமும் இப்படியே இருக்கட்டுமேன்னு தோணிடுச்சு. முதல் வாரம் உன் தொண்டைக்கு. மிச்சம் எனக்கு.”

தொப்பிக்காரருக்குக்கூடக் கேள்வி வரவில்லை. ரொட்டிக்காரர் கல்லில் இருந்ததைத் திருப்பிப் போட மறந்தார். சித்தி எழுந்தாள். கரண்டியைத் தட்டில் வைத்தாள். தொண்டையைச் செருமினாள். முதலில் காற்றுதான் வந்தது, பிறகு ஒரு கரகரப்பு, அதன் பின்னாலேயே குரல், பழைய குரல், கொஞ்சம் தூங்கி எழுந்த மாதிரி. அது தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்தவுடன், என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொள்ளாமலேயே டீக்கடைக்காரர் பாலை அடுப்பில் ஏற்றினார்.

“என்னை யாரு பேச விடறாங்கன்னு இத்தனை வருஷமா கேட்டுட்டே இருந்தேன், ஆளு இன்னைக்குத்தான் மாட்டினாரு, அந்த மிச்ச ரெண்டு வாரம் வீணாப் போக வேணாம், அதை நீங்க வாயை மூடிட்டு இருங்க, வீட்டுல மட்டும், தெருவுல பேசலாம், சட்டி புதுசு கை பழசுன்னீங்களே, அது எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது, அடுத்த தடவை டாக்டர்கிட்ட நான் உள்ள உக்காருவேன், நீங்க வெளியில போய் அந்த டோக்கன் பொண்ணைப் பாத்துக்குங்க, இப்ப எழுந்திரிங்க, எல்லாரையும் எழுப்புங்க, ஷட்டர் ஏறப் போவுது.”